குளிர் ஏறாத சரிவு

ஜனவரி பதினேழாம் தேதி காலை ஏழு மணிக்கு எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கும் வெப்பமானி பூஜ்யத்துக்குக் கீழே முப்பத்தொன்பதைக் காட்டியது. கைவிளக்கைப் பிடித்து இருமுறை பார்த்தேன். ஒருமுறை பார்த்து எழுதும் பழக்கம் எனக்கில்லை. தேதி, நேரம், காற்று இல்லை, வானம் தெளிவு, முப்பத்தொன்பது என்று குறிப்பேட்டில் எழுதி முடிப்பதற்குள் தொலைபேசி ஒலித்தது.

துருவத்தை ஒட்டிய லாவ்யோக்கா ஆற்றங்கரையில் குளிர்காலக் காலைகள் இப்படித்தான் தொடங்கும். யார் வீட்டில் குளிர் அதிகம் என்பதில் எங்கள் ஊரார் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுப்பதில்லை.

"எங்க வீட்ல முப்பத்தேழு. உங்க வீட்ல?" என்றாள் பாலத்தடி வீட்டு இங்கர்.

"முப்பத்தொம்போது."

"உன் வெப்பமானிக்கு வயசாயிடுச்சு மார்கெத். ரெண்டு கூட்டிச் சொல்லுது."

"எனக்கும்தான் வயசாச்சு. நாங்க ரெண்டு பேருமே கூட்டிச் சொல்றதில்ல."

எங்கள் வீடு ஆற்றின் வளைவில், எல்லா வீடுகளையும்விடத் தாழ்வான பள்ளத்தில் இருக்கிறது. நான் குறித்துவந்த முப்பத்தொரு குளிர்காலங்களில் இருபத்தாறில் எங்கள் வீடே வென்றிருக்கிறது. அதில் எனக்குப் பெருமை இருந்தது என்பதை மறைப்பதற்கில்லை.

ஆனால் அன்று காலை என் கணவர் ஆஸ்லத்தின் முகம் மலர்ந்தது பெருமையால் அன்று. அவர் காப்பிக் குவளையை மேசையில் வைத்தார்.

"முப்பத்தாறுக்குக் கீழ போனா புழுவோட முட்டை செத்துடும்னுதானே சொல்லுவாங்க?"

"முப்பத்தாறு. ஆமா."

"அப்ப செத்துடுச்சு. சுன்னாவுக்குச் சொல்லிடு. இனியாவது அந்தப் பொண்ணு தூங்கட்டும்."

சுன்னா அவருடைய தங்கை. ஐம்பத்திரண்டு வயது ஆனபின்னும் அவருக்குப் பொண்ணுதான். எங்கள் பனிமான்களும் அவளுடைய பனிமான்களும் ஒரே மந்தையாக மேய்கின்றன. வசந்தத்தில் சினைமான்கள் வீட்டுக்குப் பின்னால் எழும் பெய்வெவாரிச் சரிவில் குட்டி போடும். அந்தச் சரிவு முழுவதும் பிர்ச் மரங்கள். ஜூனில் அவை விடும் இளந்தழையைத் தின்றால்தான் தாய்க்குப் பால் ஊறும். பால் ஊறினால்தான் குட்டி அடுத்த குளிரைத் தாண்டும்.

போன கோடையில் அந்தத் தழை இல்லை. காவடிப் புழு வந்திருந்தது. முதுகை வளைத்து, நிமிர்ந்து, மறுபடி வளைத்து நடக்கும் அந்தப் பச்சைப் புழு தனித்தனியாகப் பார்த்தால் நகத்தின் நீளமே இருக்கும். ஜூன் இறுதிக்குள் மலைச்சரிவைத் தீப்பட்டதுபோல் ஆக்கிவிட்டது. பிறகு நூல் விட்டு இறங்கி, மண்ணுக்குள் புகுந்து, செப்டம்பரில் சாம்பல்நிற அந்துப்பூச்சியாக வெளிவந்து ஜன்னல் கண்ணாடிகளில் அப்பியது. அக்டோபரில் இன்னொரு வகை வந்தது. நான் இளையவளாக இருந்தபோது இங்கே அது கிடையாது. அதன் பெண்ணுக்குச் சிறகே இல்லை. சிலந்திபோல் அடிமரத்தில் நடந்தே ஏறி முட்டையிடும். இருவகையின் முட்டைகளும் பட்டை இடுக்கிலும் மரப்பாசியிலும் கடுகைவிடச் சிறிதாகக் குளிர்காலத்தைக் கழித்து, மொட்டு விரியும் அதே வாரத்தில் பொரியும்.

இலையுதிர் காலத்தில் மந்தையைப் பட்டியில் அடைத்தபோது எங்கள் குட்டிகளின் விலா எலும்புகள் தெரிந்தன. சுன்னாவின் குட்டிகளில் பாதிக்குமேல் வரவேயில்லை. அவளுடைய பங்கு முன்பே சிறியது. இன்னொரு கோடை அப்படிப் போனால், மந்தையை விட்டுவிட்டுக் கடற்கரை ஊரில் மீன் வெட்டும் ஆலைக்குப் போவதைத் தவிர அவளுக்கு வேறு வழியிராது. இதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் அந்த ஆலையின் விண்ணப்பத் தாள் அவள் வீட்டு ரொட்டிப் பெட்டிக்கு அடியில் இருந்ததை நான் பார்த்திருந்தேன்.

வடக்கே, கடலோரத்தில், மரமே இல்லாத மேட்டு நிலத்தில், ஆஸ்லத்தோடு பள்ளியில் படித்த ஹெய்க்காவின் கூட்டத்தார் மேய்க்கிறார்கள். மரமில்லாத இடத்தில் காவடிப் புழுவுக்கு வேலையில்லை. அங்கே புல்லும் குறும்புதர்களும் உண்டு. கிறிஸ்துமஸுக்கு முன் ஹெய்க்கா தானாகவே அழைத்து, இந்த ஒரு கோடைக்கு எங்கள் சினைமான்களை அங்கே விடலாம், மார்ச் இருபத்தைந்து மரியாள் திருநாளுக்குள் முடிவு சொல்லுங்கள் என்றார். ஒரே நிபந்தனை: எத்தனை மான் என்று சொல்ல வேண்டும்.

பனிமான் மேய்க்கும் எங்களிடையே ஒருவர் மந்தையில் எத்தனை மான் என்று கேட்பது, அவர் மடிக்குள் கையை விட்டுத் துழாவுவதற்குச் சமம். மணமாகி நாற்பத்து நான்கு ஆண்டுகளில் ஆஸ்லத் அந்த எண்ணை என்னிடம்கூட வாய்விட்டுச் சொன்னதில்லை. எனக்குத் தெரியும் என்பது வேறு. ஆகவே முப்பத்தொன்பது என்ற செய்தி அவரை இரட்டிப்பாக மகிழ்வித்தது. புழுவும் இல்லை; ஹெய்க்காவிடம் எண்ணைச் சொல்லவும் வேண்டாம்.

எனினும் சோதிக்காமல் முடிவெடுப்பது எனக்கு ஒவ்வாது. மார்ச் ஐந்தாம் தேதி வீட்டு முற்றத்தை ஒட்டிய ஆற்றங்கரைப் பிர்ச்சுகளிலிருந்து ஏழு கிளைகளை வெட்டினேன். ஒவ்வொன்றும் என் முழங்கை அளவு. ஒவ்வொன்றிலும் எண் எழுதிய துணி நாடாவைக் கட்டி, வெதுவெதுப்பான நீர் நிறைத்த கண்ணாடிச் சாடியில் நிறுத்தி, சமையலறை ஜன்னலோரம் வைத்தேன். உள்ளறை வெப்பத்தில் மொட்டுகள் வசந்தம் வந்துவிட்டதென நம்பி விரியும். முட்டையும் நம்பும். உயிருள்ள முட்டையாயின் பொரியும். சாடியின் அடியில் விரித்த வெள்ளைத் தாளைத் தினமும் இருமுறை பார்த்தேன்.

பதினாறாம் நாள் மொட்டுகள் விரிந்து, காசு அகல இலைகள் வந்துவிட்டன. தாளில் ஒன்றுமில்லை. பூதக்கண்ணாடி கொண்டு பட்டை இடுக்குகளைப் பார்த்தேன். முட்டைகள் இருந்தன, சப்பிப்போய், கறுத்து, ஊசி பட்டால் தூளாகும் நிலையில் இருந்தன.

ஆஸ்லத் அன்று மாலையே ஹெய்க்காவை அழைத்து, தேவைப்படாது, நன்றி என்றார். தொலைபேசியை வைத்தபின் உலர்ந்த மான் இறைச்சியைச் சீவிக் காப்பியில் போட்டுக்கொண்டு சீட்டியடித்தார். வீட்டுக்குள் சீட்டியடிப்பதை நான் அனுமதிப்பதில்லை, அன்று விட்டுவிட்டேன்.

மறுநாளுக்கு மறுநாள், மார்ச் இருபத்துமூன்று, காலை பத்து மணிக்குச் சுன்னாவின் பனிவண்டி முற்றத்தில் நின்றது. அவள் கம்பளியில் சுற்றிய ஒரு வாளியைக் கட்டிப்பிடித்தபடி, காலணிப் பனியைத் தட்டாமலே உள்ளே வந்தாள். வாளிக்குள் பிர்ச் கிளைகள் புதர்போல் குத்தி நிறுத்தப்பட்டிருந்தன. நாடா இல்லை, எண் இல்லை. தண்ணீர் கலங்கியிருந்தது.

"தரையைப் பாரு சுன்னா."

"தரை கெடக்கட்டும் அண்ணி. இதைப் பாருங்க."

"முதல்ல காலைத் தட்டிட்டு வா."

"அண்ணி, தட்டறேன். நீங்க இதைப் பாருங்க, அதுக்குள்ள தட்டறேன்."

நான் கண்ணாடியைத் துடைத்து அணிந்துகொண்டு குனிந்தேன். விரிந்த இலையின் ஓரத்தில் கறுப்பு நூலின் துண்டொன்று ஒட்டியிருந்தது. துணி நூல் என்று விரலால் எடுக்கப் போனேன். அது முதுகை வளைத்தது, நிமிர்ந்தது, மறுபடி வளைத்தது. அடுத்த இலையில் மூன்று. அதற்கடுத்ததில் எண்ண முடியவில்லை. வாளியின் விளிம்பிலும் கம்பளியின் மடிப்பிலும் அவை நடந்துகொண்டிருந்தன.

"எங்க வெட்டினது?"

"மேல."

"மேலன்னா எங்க? எந்த உயரம்?"

"பாதி மலை. பழைய பட்டி இருக்குல்ல, அதுக்கும் மேல. விறகுக்குப் போனப்ப ஒடிச்சுட்டு வந்தேன். நீங்க சாடி வெச்ச அதே வாரம்தான்."

"ஏன் சொல்லல?"

சுன்னா காலணியைத் தட்டுவதற்குக் குனிந்தாள், குனிந்தபடியே பேசினாள். "சொன்னா என்ன சொல்லுவீங்க? ஏழு கிளை வெட்டி நாடா கட்டியாச்சு, உனக்கு என்ன பயம்னு சொல்லுவீங்க. உங்க மரம் எல்லாம் முற்றத்து மரம் அண்ணி. மான் முற்றத்துலயா மேயுது?"

அடுப்பில் காப்பி பொங்கி வழிந்தது. நான் எழுந்து பாத்திரத்தை இறக்கவில்லை. என் நினைவில் ஜனவரி பதினேழின் நண்பகல் வந்து நின்றது. சரிவில் கிடந்த மரத்தை இழுத்துவரப் போயிருந்த ஆஸ்லத், கழுத்துத் துணியை அவிழ்த்துக் கையில் பிடித்தபடி திரும்பி வந்தார். "மேல நல்லா இதமா இருக்கு, கீழ வந்ததும்தான் மூக்கு ஒட்டுது" என்று வாசலில் நின்று சொன்னார். அதில் புதுமை எதுவுமில்லை. காற்றில்லாத நாளில் குளிர் நீர்போல் பள்ளத்தில் தேங்கும், மேட்டில் நிற்காது என்பதை இங்கே நடக்கத் தொடங்கிய பிள்ளையும் அறியும். கனத்த குளிரில் நாங்களே மேல்பாதையில்தான் போவோம். எனக்கும் தெரியும். ஆனால் என் குறிப்பேடு வீட்டுச் சுவருக்கானது. அவர் சொன்னதை அதில் எழுத இடமில்லை என்பதால் எழுதவில்லை, எழுதாததால் நினைக்கவில்லை. ஊரில் எவர் வீட்டு வெப்பமானியும் ஆற்றங்கரையிலேதான் தொங்குகிறது. யார் வீடு அதிகம் குளிர்ந்தது என்று போட்டியிட்டுப் போட்டியிட்டு, மலையும் அப்படியே குளிர்ந்தது என்று அத்தனை பேரும் எடுத்துக்கொண்டோம். முதலில் எடுத்துக்கொண்டவள் நான்.

ஆஸ்லத் கொட்டகையிலிருந்து வந்தபோது வாளியை மேசைமீது வைத்திருந்தேன்.

"ஹெய்க்காவைக் கூப்பிடுங்க."

அவர் வாளியைப் பார்த்தார். நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"வேணாம்னு சொல்லிட்டேன். ரெண்டு நாள் முன்னாடி. இப்பப் போய் வேணும்னு சொன்னா என்னை என்னன்னு நெனப்பான்?"

"அண்ணே, அவர் என்ன நெனச்சா என்ன?" என்றாள் சுன்னா.

"உனக்கு என்ன, நீ சொல்லுவே. ஸ்கூல்லயே அவன் என்னை விட்டதில்ல. சாகற வரைக்கும் சொல்லிச் சிரிப்பான்."

"சிரிக்கட்டும். உங்க மான் உயிரோட இருக்கறதைப் பார்த்துச் சிரிக்கட்டும். என் மான் செத்தா நான் மீன் வெட்டப் போறேன். அப்ப அந்த ஊர்ல வந்து என்னைப் பாருங்க, ரெண்டு மீன் தரேன்."

"ஒரு வாளிப் புழுவை வெச்சுக்கிட்டு ஒரு மலையே போச்சுங்கறியா?"

"நீங்க ஒரு வெப்பமானியை வெச்சுக்கிட்டு ஒரு மலையே பிழைச்சுடுச்சுன்னீங்களே."

அவர் என் பக்கம் திரும்பினார். தவறு யாருடையது என்பதை அவர் கேட்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். அவர் கேட்காமலிருந்தது எனக்கு இன்னும் கடினமாக இருந்தது.

"தப்பு என்னோடது," என்றேன். "கீழ மட்டும் பார்த்து எழுதினேன், கீழ மட்டும் வெட்டினேன். மேல அவ்வளவு குளிர் ஏறல. நீங்க அன்னிக்குச் சொன்னீங்க, நான் காதுல வாங்கல. ஹெய்க்காகிட்ட நான் பேசறேன். சிரிக்கணும்னா என்னைப் பார்த்துச் சிரிக்கட்டும்."

தொலைபேசி எண்ணை நானே அழுத்தினேன். குரல் மூவருக்கும் கேட்கும்படி வைத்தேன். ஹெய்க்கா எடுக்க வெகுநேரமாயிற்று. நடந்ததை வரிசையாகச் சொன்னேன்.

"மார்கெத், நீங்க போய் இப்படி ஒரு தப்பு பண்ணுவீங்களா? எங்க வீட்ல கடிகாரம் நின்னுபோனா உங்க வீட்டுக்குப் போன் பண்ணித்தான் முள்ளைத் திருப்புவோம்."

"பண்ணிட்டேன்."

"பக்கத்துல அவன் இருக்கானா?"

"இருக்கார்."

"பேசமாட்டானா?"

ஆஸ்லத் மேசையின் மரக்கணு ஒன்றை விரலால் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"சரி," என்றார் ஹெய்க்கா. குரலில் விளையாட்டுப் போய்விட்டிருந்தது. "நீங்க வேணாம்னதும் வேலியைச் சுருட்டிட்டோம். ஆள் அனுப்பி நீங்கதான் திரும்பக் கட்டணும். ஆத்துப் பனிக்கட்டி இந்த வருஷம் சீக்கிரம் இளகும்போல. ரெண்டு வாரத்துக்குள்ள மந்தை கடந்தாகணும். அப்புறம், எங்க கூட்டத்துக்கு நான் பதில் சொல்லணும். மேட்டுல எவ்வளவு மேய்ச்சல், எவ்வளவு வாய்னு தெரியாம யாரும் சம்மதிக்கமாட்டாங்க. எத்தனை?"

வாளி விளிம்பிலிருந்து ஒரு புழு நூலில் தொங்கி மேசையை நோக்கி இறங்கியது.

சுன்னா எழுந்து தொலைபேசிக்கு அருகில் வந்தாள். காது சிவந்திருந்தது. தன் எண்ணைச் சொன்னாள். அது எவ்வளவு சிறியது என்பது அங்கிருந்த எல்லோருக்கும் அப்போதுதான் தெரிந்தது. ஹெய்க்கா தொண்டையைக் கனைத்தார்.

பிறகு ஆஸ்லத் வாயைத் திறந்தார். ஜன்னலைப் பார்த்தபடி, யாருக்கும் இல்லாததுபோல், தம் எண்ணைச் சொன்னார். இவ்விரு எண்களையும் நான் இங்கே எழுதப்போவதில்லை.

"சரிப்பா," என்றார் ஹெய்க்கா மெல்ல. "சீக்கிரம் வா."

ஏப்ரல் ஆறாம் தேதி மந்தை ஆற்றைக் கடந்தது. பனிக்கட்டியின்மேல் கணுக்கால் ஆழத்துக்கு நீர் நின்றது. முன்னே மணி கட்டிய கிழமான் போக, பின்னே சினைமான்கள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு நகர்ந்தன. நடுவில் ஒருமுறை பனிக்கட்டி முனகியது. மந்தை முழுவதும் நின்று, தலையைத் தூக்கிக் கேட்டது. நானும் கரையில் நின்று கேட்டேன். பிறகு மணி மறுபடி ஒலித்தது. சுன்னா கடைசி வண்டியில் போனாள், திரும்பிப் பார்க்கவில்லை.

மே மாத இறுதியில் எங்கள் முற்றத்துப் பிர்ச்சுகள் தளிர்த்தன. பத்தாண்டுகளில் அப்படியொரு பசுமையை நான் கண்டதில்லை. கடையில் இங்கர் கேட்டாள்.

"என்ன மார்கெத், எங்க உன் புழு? லீவுல போயிடுச்சா?"

"மேல பாரு."

"மேலயும் பச்சையாத்தான் தெரியுது. ஆஸ்லத் அந்த ஹெய்க்காகிட்ட எண்ணிச் சொன்னாராமே. பாவம்."

ஆற்றங்கரையிலிருந்து பார்த்தால் சரிவும் பச்சையாகவே தெரிந்தது. ஜூன் பத்து வரை பச்சை; அதன்பின் மேல்பாதி நாள் முழுவதும் மேகத்துக்குள் மறைந்து கிடந்தது. ஆஸ்லத் கடைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வாளியில் கண்டது ஒரே மரத்தின் புழுவாக இருந்தால் என்ன என்று எனக்குத் தோன்றத் தொடங்கியது. சுன்னா எத்தனை மரங்களில் ஒடித்தாள் என்று நான் கேட்கவேயில்லை. அவள் வெட்டியதை நான் எண்ணவில்லை, எழுதவில்லை, ஓர் ஒழுங்கும் இல்லாத ஒரு வாளியை நம்பி ஓர் ஆணின் வாயிலிருந்து நாற்பத்து நான்கு ஆண்டு மௌனத்தைப் பிடுங்கினேன். ஒவ்வொரு காலையும் ஜன்னலைத் திறந்ததும் என் கண் முதலில் சரிவுக்குப் போனது. ஒருநாள், அங்கே பழுப்பு தெரிகிறதா என்று தேடுகிறேன், தெரியாததால் ஏமாறுகிறேன் என்பதை உணர்ந்தேன். மலை சாகவேண்டும் என்று விரும்பியவளாக என் சமையலறையில் நின்றிருந்தேன். ஜன்னலைச் சாத்தினேன்.

ஜூன் இருபத்துமூன்று, யோவான் திருநாளுக்கு முந்திய நாள், ஆஸ்லத் கைத்தடியை எடுத்துக்கொண்டு வந்தார்.

"வா, போய்ப் பார்த்துடலாம். இப்படி ஜன்னல்லயே நின்னா கழுத்துதான் போகும்."

ஏறினோம். முதல் அரை மணி நேரம் இருபுறமும் முழு இலை. அவர் முன்னால் நடந்தார். அவர் முதுகு மெல்லமெல்லக் கூனுவதைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் நடந்தேன். பழைய பட்டிக்குக் கொஞ்சம் கீழே அவர் சட்டென்று நின்றார்.

அங்கே பச்சை முடிந்தது. யாரோ நூல் பிடித்துக் கோடு போட்டதுபோல், மலையின் குறுக்கே நேராக, ஒரே உயரத்தில் முடிந்தது. ஜனவரிக் குளிர் எந்த உயரம்வரை தேங்கி நின்றதோ, அந்த உயரம்வரை மரங்களில் இலை இருந்தது. அதற்கு மேலே நரம்பு மட்டும் எஞ்சிய இலைகளும் வெறுங்கிளைகளும் மேகத்துக்குள் மறையும்வரை துருநிறமாகப் பரவியிருந்தன. மரங்களுக்கிடையே நூல்கள் வலையாகத் தொங்கின, முகத்தில் ஒட்டின. மழையில்லை, ஆனால் மெல்லிய தூறல் விழும் ஓசை நிற்காமல் கேட்டது. அது புழுக்களின் எச்சம் காய்ந்த சருகின்மேல் விழும் ஓசை.

ஆஸ்லத் தொப்பியைக் கழற்றினார். "நீ சொன்னது சரி," என்றார்.

பையில் தொலைபேசி அதிர்ந்தது. சுன்னா.

"அண்ணி, குட்டிங்க நல்லா இருக்கு. வயிறு உருண்டையா, பாலு குடிச்சுட்டுக் குதிக்குது. ஹெய்க்காவே வந்து பார்த்துட்டுப் போனார். நீங்க எங்க இருக்கீங்க? மூச்சு வாங்குதே."

"மேல."

"எப்படி இருக்கு?"

"கோட்டுக்குக் கீழ இலை இருக்கு. மேல இல்ல."

"ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல."

காற்றின் இரைச்சலும் எங்கோ ஒரு குட்டி தாயைக் கூப்பிடும் குரலும் கேட்டன.

"போன வருஷமும் இல்ல, இந்த வருஷமும் இல்ல. ரெண்டு கோடை," என்றாள் பிறகு. "மரம் தாங்குமா அண்ணி? அடுத்த வருஷம் நாங்க திரும்பி வரணுமே."

"பார்த்துட்டுச் சொல்றேன்."

தொலைபேசியை வைத்தேன். ஆஸ்லத்தின் இடுப்புக் கத்தியை வாங்கி, அருகிலிருந்த மரத்தின் பட்டையை நகமளவு சீவினேன். உள்ளே பச்சையாக, ஈரமாக, உயிரோடு இருந்தது. அடுத்ததைச் சீவினேன். அது உலர்ந்து, காப்பி நிறத்தில் இருந்தது. மூன்றாவது பச்சையா பழுப்பா என்று என்னால் தீர்மானிக்க முடியவில்லை. கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன்.

"போதும் மார்கெத். எறங்கலாம்."

"இருங்க. மூணு மரத்தை வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது," என்று சொல்லிவிட்டு நான்காவது மரத்துக்குப் போனேன்.